துகள் அளவு கோணலாக வருகிறதா? டெல்டாவில் ஒளிச்சிதறல் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு

மொட்டைமாடியில் காற்றுத் துகளை அளக்க பிஎம்எஸ்5003 என்ற மலிவு சென்சாரை மாட்டியிருப்பவர், கல்லூரியில் துகளை எண்ணி அளவு பிரிக்கும் ஓபிசி-என்3 வைத்து புராஜெக்ட் செய்பவர், ஆய்வகத்தில் துகள்கள் சிதறும் மொத்த ஒளியை அளக்கும் மூன்று அலைநீள நெஃபலோமீட்டரோடு மல்லுக்கட்டுபவர் என எல்லோரும் சுற்றிவளைத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: துகள் அளவு ஏன் இப்படிக் கன்னாபின்னாவென்று வருகிறது, கருவி போய்விட்டதா? பெரும்பாலும் போயிருக்காது. வில்லங்கம் டெல்டாக் காற்றில் இருக்கும், இல்லாவிட்டால் கருவிக்குள் எழுதி வைத்திருக்கும் கணக்கில் இருக்கும்.

இந்தக் கருவிகள் எதுவும் துகளின் அளவை நேராக அளப்பதில்லை. லேசரைத் துகள் கடக்கும்போது எவ்வளவு ஒளி சிதறிக் கருவியின் கண்ணில் விழுகிறது என்பதைத்தான் அளக்கின்றன, அளவு என்பது அதிலிருந்து போடும் கணக்கு. ராத்திரி கல்லணைச் சாலையில் எதிரே வருவது லாரியா பைக்கா என்று முகப்பு விளக்கை மட்டும் பார்த்துச் சொல்கிற மாதிரி. அந்தக் கணக்கு சரியாக வர துகளின் ஒளிவிலகல் எண், லேசரின் அலைநீளம், ஒளியைப் பிடிக்கும் கோணம், உள்ளே போகும் காற்றின் ஓட்டம் நாலும் தெரிய வேண்டும். ஆய்வகத்தில் வழக்கமாக அளவுதிருத்தம் செய்வது ஒளிவிலகல் எண் 1.59 உள்ள பாலிஸ்டைரீன் லேடெக்ஸ் உருண்டைகளை விட்டுத்தான். நம்ம ஊர்க் காற்றில் அந்த உருண்டை எங்கே இருக்கிறது? உமிச் சாம்பல், வைக்கோல் புகை, நெல் சுணை, கடல் உப்பு, எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். இதுதான் இங்கே இருப்பது.

எதற்கும் முன்னால்: சுத்தமான காற்றில் பூஜ்யம் வருகிறதா?

இதைப் பார்க்காமல் வேறு எதையும் நோண்டாதீர்கள். நுழைவுக் குழாய் உள்ள கருவி என்றால் குழாயில் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியை மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிஎம்எஸ் மாதிரி குழாய் இல்லாத சென்சார் என்றால், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சென்சாரையும், ஹெப்பா வடிகட்டி ஒட்டிய ஒரு சின்ன ஃபேனையும் சேர்த்து வைத்து மூடி, கால் மணி நேரம் விடுங்கள். 0.3 மைக்ரோமீட்டர் எண்ணிக்கை விழுந்து பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும்.

நிற்கவில்லையா? மூன்றில் ஒன்று. எங்கோ வெளிக்காற்று கசிகிறது, அல்லது லேசர் அறைக்குள் தூசி ஒட்டிக்கொண்டு நிரந்தரமாக ஒளியைச் சிதறடிக்கிறது, அல்லது வெயில் வெளிச்சம் நுழைவாயில் வழியாக ஒளி உணரியில் விழுகிறது. மூன்றாவதைக் கண்டுபிடிப்பது சுலபம்: கறுப்புத் துணியைப் போட்டு மூடுங்கள், அளவு இறங்கினால் வெளிச்சம்தான். பெட்டியின் வாயை வடக்குப் பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு மறைப்பு வைத்துவிட்டால் தீர்ந்தது. தூசி என்றால் ஊதுபந்தால் மெதுவாக ஊதலாம். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள், ஃபேன் போய்விடும், அந்தக் காற்றில் எண்ணெய் வேறு இருக்கும்.

"விடியற்காலையில் மட்டும் துகள் பெருத்துவிடுகிறது"

மார்கழி, தை மாதங்களில் அதிகம் வரும் புகார் இதுதான். ராத்திரி பத்து மணிக்கு ஒழுங்காக இருந்த வரைபடம் விடியற்காலை நாலு மணிக்கு மலையாக ஏறி, வெயில் வந்து ஒன்பது மணிக்கெல்லாம் சரசரவென்று இறங்கிவிடும். பக்கத்தில் யாரோ ஏதோ கொளுத்துகிறார்கள் என்று சந்தேகப்படுவோம். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும், போகியன்று நிச்சயமாக. ஆனால் தினமும் அதே நேரத்தில், அதே வடிவத்தில் வந்தால் முதலில் தரவில் ஈரப்பதத்தின் பத்தியைப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் சம்பா வயல், வாய்க்கால், பனி. அந்த நேரத்துக்கு ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

காற்றிலுள்ள உப்புத்தன்மை கொண்ட துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும். எவ்வளவு ஊதும் என்பதற்கு, துகளின் ஈரம் உறிஞ்சும் தன்மையைச் சொல்லும் கப்பா என்ற ஒற்றை எண்ணை வைத்துப் போடும் கணக்கு ஒன்று உண்டு. ஈரப்பதத்தைப் பின்னமாக எழுதி, அதை ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவதால் வகுத்து, கப்பாவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் கனஅளவு எத்தனை மடங்காகிறது என்று வரும். அதன் கனமூலம் விட்டத்தின் மடங்கு. நிலப்பகுதிக் காற்றுக்குக் கப்பா 0.3 என்று எடுப்பது வழக்கம். 60 சதவீத ஈரப்பதத்தில் விட்டம் 1.13 மடங்கு, பெரிதாக ஒன்றுமில்லை. 90 சதவீதத்தில் 1.55 மடங்கு. 95 சதவீதத்தில் 1.89 மடங்கு.

இதை, கருவி துகள்களை அளவுவாரியாகப் பிரித்துப்போடும் கட்டங்களுக்குள் வைத்துப் பார்த்தால்தான் வில்லங்கம் புரியும். உலர்ந்தபோது 0.4 மைக்ரோமீட்டர் இருந்த துகள் 90 சதவீதத்தில் 0.62 ஆகிவிடுகிறது, 0.3 முதல் 0.5 கட்டத்தில் இருந்தது அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டது. அது பரவாயில்லை. உலர்ந்தபோது 0.2 இருந்த துகள்கள் இருக்கின்றனவே, அவை சென்சாரின் கண்ணுக்கே தெரியாதவை, அவையும் இப்போது 0.31 ஆகி எல்லையைத் தாண்டி உள்ளே வந்து எண்ணப்படுகின்றன. இந்தச் சின்னத் துகள்கள்தான் காற்றில் எப்போதும் எண்ணிக்கையில் அதிகம். ஆக, காற்றில் புதிதாக ஒரு துகள்கூடச் சேராமல் எண்ணிக்கையும் ஏறும், அளவும் ஏறும், அதைவைத்துப் போடும் நிறையும் ஏறும். 90 சதவீதத்தில் கனஅளவு 3.7 மடங்கு, அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் அறிவித்த தரத்தில் பிஎம் 2.5க்கு, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகளுக்கு, 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அது துகளை வடிதாளில் பிடித்து, ஈரத்தைக் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடைபோடுவதற்கான எண். உங்கள் சென்சாரின் விடியற்காலை எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பதறுவதில் அர்த்தமில்லை.

என்ன செய்யலாம்? சுலபமானது, 85 சதவீதத்துக்கு மேல் வந்த அளவுகளைத் தனியே குறித்து ஒதுக்கிவிடுவது. எஸ்டிஎஸ்011 என்ற இன்னொரு மலிவு சென்சாரின் தயாரிப்பாளரே 70 சதவீதம் வரைதான் என்று சொல்லியிருக்கிறார். அந்த வரம்பை அப்படியே பிடித்தால் டெல்டாவில் ஐப்பசி முதல் தை வரை பாதித் தரவு மிஞ்சாது, அதனால்தான் நான் 85 என்கிறேன். அதற்கு மேல் ஈரக் கணக்கு அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது, ஈரமானி மூன்று சதவீதம் தப்பாகக் காட்டினாலே திருத்தம் கவிழ்ந்துவிடும். 60க்கும் 85க்கும் நடுவில் இருப்பவற்றைக் கப்பா வைத்துத் திருத்தலாம். மூடுபனி இறங்கிவிட்டது என்றால் திருத்தவே முயலாதீர்கள், அங்கே நீங்கள் எண்ணுவது பனித்துளிகளை.

இரண்டாவது வழி காற்றை உலர்த்தி உள்ளே விடுவது. சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்துக் குழாய் நன்றாக வேலை செய்யும், ஆனால் நம்ம ஊர் ஈரத்துக்கு ஜெல் சீக்கிரமே நிறம் மாறிவிடும், மாற்றிப்போட ஆள் வேண்டும். சூடேற்றும் குழாயும் வைக்கலாம், அளவோடு. 50 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அம்மோனியம் நைட்ரேட் மாதிரி எளிதில் ஆவியாகும் சரக்கு துகளை விட்டே போய்விடும், அப்புறம் அளவு குறைவாக வருகிறதே என்று இன்னொரு புகார் வரும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஈரமானியை எங்கே வைப்பது என்பது. வெளியே 25 டிகிரி, 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பவர் சப்ளை, மைக்ரோகன்ட்ரோலர் சூட்டில் 30 டிகிரி. அதே காற்று உள்ளே வந்ததும் ஈரப்பதம் 71 சதவீதம்தான். நமக்கு வேண்டியது துகள் லேசரைக் கடக்கும் இடத்து ஈரப்பதம். அதனால் ஈரமானியை சென்சார் காற்றை வெளியே தள்ளும் வாய்க்கு நேராக வையுங்கள். பெட்டியின் மூலையில் ஒட்டினால் பெட்டியின் ஈரம் தெரியும், வானிலை நிலைய எண்ணைப் போட்டால் வெளியின் ஈரம் தெரியும், இரண்டுமே துகளின் ஈரம் ஆகாது.

"கடற்கரைப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் பெரிய துகள்கள் ஏறுகின்றன"

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி, காரைக்கால் என்றால் இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். கடல்காற்று திரும்பியதும் உப்புத் துகள் உள்ளே வருகிறது, கருவி தன் வேலையைச் செய்கிறது. ஆனால் காட்டும் அளவை அப்படியே நம்பாதீர்கள், இங்கே இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுக்கின்றன.

சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் கரைந்து துளியாகிறது. ஈரம் குறையும்போது அதே 75இல் மறுபடி உலர்ந்துவிடாது, 45 சதவீதத்தை ஒட்டி இறங்கினால்தான் படிகமாகத் திரும்பும். வேதாரண்யத்தில் உப்பளத்துப் பாத்தி பக்கத்தில் கோடை மத்தியானத்தில்கூடக் காற்று அவ்வளவு காய்வது அரிது. ஆக ராத்திரி ஒரு தடவை நனைந்த உப்புத் துகள் பகலிலும் துளியாகவே திரியும். 80 சதவீதத்தில் அதன் விட்டம் உலர்ந்ததைப்போல 1.8 மடங்கு இருக்கும். அது அளவைப் பெரிதாக்குகிறது. மறுபக்கம், உலர்ந்த உப்பின் ஒளிவிலகல் எண் 1.54, தண்ணீர் சேரச்சேர அது 1.33ஐ நோக்கி இறங்குகிறது. எண் இறங்கினால் அதே அளவுத் துகள் பொதுவாகக் குறைவான ஒளியைச் சிதறும், கருவி அதைச் சின்னதாக நினைக்கும். ஓபிசி-என்3 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அதில் போட்டிருக்கும் ஒளிவிலகல் எண் 1.5, அடர்த்தி 1.65. உப்புத்துளிக்கு இரண்டுமே பொருந்தாது. எண்ணிக்கையைக் கட்டம் கட்டமாக எடுத்து, உங்கள் ஊர்த் துகளுக்கு ஏற்ற ஒளிவிலகல் எண்ணில் உருண்டைத் துகள் ஒளியை எப்படிச் சிதறும் என்று சொல்லும் மீ கோட்பாட்டுக் கணக்கை நீங்களே போட்டு, கட்ட எல்லைகளை மாற்றிக்கொள்ளுங்கள். குஸ்டாவ் மீ 1908இல் போட்ட கணக்குதான், பைத்தானில் மீபைதன், பைமீஸ்கேட் என்று தயாராகவே கிடைக்கிறது.

உப்பா புகையா என்ற சந்தேகம் தீர வேண்டுமானால் ஒரே அலைநீளம் போதாது. இரண்டு நிறங்களில் சிதறலை அளந்தால் அலைநீளத்தோடு சிதறல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் ஆங்ஸ்ட்ராம் அடுக்கு கிடைக்கும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் உப்பு, மண்தூசி போன்ற பெரிய துகள். 1.5க்கு மேல் போனால் புகை போன்ற சின்னது.

"புகை கண்ணை எரிக்கிறது, சென்சார் சும்மா இருக்கிறது"

குறுவையோ சம்பாவோ, மிஷின் அறுவடை முடிந்து தாளைக் கொளுத்தும் வயலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது தெரியும். புதுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை 0.1, 0.2 மைக்ரோமீட்டர்தான். அலைநீளத்தைவிட ரொம்பச் சின்ன துகளுக்குச் சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் போகும். அந்தக் கணக்கில் 0.1 மைக்ரோமீட்டர் துகள் தருவது 0.3 மைக்ரோமீட்டர் துகள் தருவதில் 729இல் ஒரு பங்கு. லேசர் அதைக் காண்பது எப்படி? கூடவே கரி. கரி ஒளியைச் சிதறுவதோடு விழுங்கவும் செய்கிறது, அதனால் கரி கலந்த துகளை, ஒளியை விழுங்காத துகள் என்று நினைத்துக் கணக்குப் போடும் கருவி, அதைச் சின்னதாகவே காட்டும். அரிசி ஆலையில் உமி எரிக்கும் கொதிகலன் பக்கமும் இதே கதைதான். மென்பொருளில் இதற்குப் பெரிதாக வைத்தியம் இல்லை. மொத்தச் சிதறலைக் காட்டும் நெஃபலோமீட்டர் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், எண்ணும் கருவியை அந்த நேரத்துக்கு நம்பாதீர்கள்.

"புகை அதிகமாக அதிகமாக எண்ணிக்கை குறைகிறது"

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம். லேசருக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று துகள்கள் நுழைந்தால் கருவி அவற்றை ஒரே பெரிய துகளாக எண்ணும். சின்னக் கட்டம் இறங்கும், பெரிய கட்டம் ஏறும். போகிக் காலை, சாம்பிராணி போட்ட அறை, கொசுவர்த்திச் சுருளுக்குப் பக்கம், இங்கெல்லாம் பார்க்கலாம். சோதிக்க, வடிகட்டிய காற்றைச் சரிபாதி கலந்து விடுங்கள். எண்ணிக்கையும் பாதியாக வேண்டும். பாதியாகாமல் அப்படியே நின்றாலோ ஏறினாலோ நெரிசல்தான் காரணம், அந்த இடத்தில் நீர்த்துப்போகச் செய்துதான் அளக்க வேண்டும்.

"நெல் தூற்றும் இடத்தில் பிஎம் 10 ஒன்றுமே காட்டவில்லை"

கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மிஷின் ஓடும்போது சட்டையெல்லாம் பதரும் சுணையும் அப்பிக்கொண்டு உடம்பு அரிக்கும். "என்ன தம்பி, உங்க மிஷினு தூசியே இல்லங்குது?" என்று மூட்டை தூக்குபவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மலிவு சென்சாரின் ஃபேன் ரொம்பச் சின்னது. கனமான துகள் வளைந்து உள்ளே திரும்பாமல் நேராகப் போய்விடும், உள்ளே வந்ததும் வளைவுகளில் மோதிப் படிந்துவிடும். சுணை வேறு ஊசி மாதிரி நீளமானது, கணக்கோ துகளை உருண்டை என்று வைத்துக்கொள்கிறது. இன்னொன்று, 0.1 லிட்டர் காற்றில் 10 மைக்ரோமீட்டருக்கு மேல் நாலு துகள் கிடைத்தால் அந்த நாலில் இரண்டு கூடலாம், குறையலாம். பிழையே 50 சதவீதம். ஒரு மணி நேரச் சராசரிக்குக் குறைவாக அந்தக் கட்டத்தைப் பார்க்காதீர்கள். பிஎம்எஸ் வகையில் பிஎம் 10 என்ற எண்ணை நான் கட்டுரையிலோ அறிக்கையிலோ போடமாட்டேன். அங்கே வடிதாளும் தராசும்தான்.

"எந்தக் காற்றிலும் எல்லாக் கட்டங்களும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குகின்றன"

இரண்டு விஷயம். முதலாவது, பிஎம்எஸ்5003 தரும் ஆறு எண்ணிக்கைகளும் "இதற்கு மேல்" என்ற கூட்டு எண்ணிக்கை. 0.3 என்பதில் 0.5, 1, 2.5, 5, 10 எல்லாம் அடக்கம். அடுத்ததைக் கழித்தால்தான் ஒரு கட்டத்துக்கு உரியது வரும். கழித்த பிறகும் விகிதம் மாறவில்லை என்றால் அது இரண்டாவது விஷயம்: அந்தச் சென்சார் துகளை ஒவ்வொன்றாக அளவு பிரிப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், நடைமுறையில் அரைகுறை நெஃபலோமீட்டர் மாதிரிதான் வேலை செய்கிறது. மொத்த ஒளியை வைத்துக் கட்டங்களை நிரப்புகிறது. அதில் அளவுப் பரவல் தேடுவது வீண். அளவுதான் ஆராய்ச்சி என்றால் 24 கட்டம் உள்ள ஓபிசி-என்3 மாதிரி ஒன்று வேண்டும்.

"1 மைக்ரோமீட்டர் பக்கத்தில் ஒரு பள்ளம், ஒரு மேடு"

மேடும் பள்ளமும் காற்றில் இல்லை, மீ வளைவில் இருக்கிறது. சிவப்பு லேசருக்கு, ஒளியை விழுங்காத துகள் ஏறத்தாழ 0.8 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை வளரும்போது சிதறும் ஒளி சீராக ஏறாமல் அலைபாயும். ஒரே ஒளி அளவுக்கு இரண்டு மூன்று விட்டங்கள் பொருந்தும். அந்த வட்டாரத்துக் கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து அகலமான ஒரே கட்டமாக்கிவிடுங்கள். நுணுக்கம் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், அது முதலிலேயே இல்லாத நுணுக்கம்.

"எண்ணிக்கை மாதக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது"

குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம்ம ஊரில் குளவி மண் கொண்டுவந்து அடைத்துவிடும், விரலளவு துளை கிடைத்தாலே அதற்கு வீடு. சிலந்தி வலை, பல்லி முட்டை எல்லாம் இரண்டாம் பட்சம். வாயில் கொசுவலைத் துணி கட்டாதீர்கள், அது பெரிய துகளைப் பிடித்துவிடும், மழைக்காலத்தில் நனைந்து அடைத்தும் போகும். கொஞ்சம் பெரிய கண்ணுள்ள உலோக வலை போதும். குழாய் சுத்தம் என்றால் 5 வோல்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் சென்சார் முனையிலேயே பாருங்கள். நீளமான மெல்லிய ஒயரில் இறங்கியிருந்தால் ஃபேன் வேகம் குறையும். அதுவும் சரி என்றால் லேசர் வயது. எஸ்டிஎஸ்011க்குச் சொல்லும் ஆயுள் 8000 மணி நேரம், விடாமல் ஓட்டினால் பதினோரு மாதம்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, காற்றோட்டம் நிதானப்பட 30 விநாடி விட்டு, அளந்து, தூங்கவிட்டால் வருடக்கணக்கில் வரும்.

"எண்களே குப்பையாக வருகின்றன"

சென்சாரிலிருந்து தரவு வரும் வேகம் (பாட் ரேட்) 9600 என்று இருக்கிறதா பாருங்கள். பிஎம்எஸ்5003இல் ஒவ்வொரு தடவையும் வருவது 32 பைட் கொண்ட தரவுச் சட்டம் (ஃபிரேம்), முதல் இரண்டு பைட் தசமத்தில் 66, 77. அதிலிருந்து தொடங்கி, முதல் 30 பைட்டுகளின் கூட்டுத்தொகை கடைசி இரண்டோடு ஒத்துப்போகாத சட்டங்களைத் தூக்கிப்போடுங்கள். மின்சாரம் 5 வோல்ட் வேண்டும், சிக்னல் ஒயர்கள் மட்டும் 3.3 வோல்ட்.

"நெஃபலோமீட்டர் தரவிலிருந்து துகள் அளவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் எண்ணிக்கை எதிர்மறையாக வருகிறது"

மூன்று அலைநீளத்தில் மூன்று எண்கள்தான் கையில் இருக்கின்றன. அதிலிருந்து இருபது கட்டங்களைக் கேட்டால் கணக்கு என்ன செய்யும்? சின்ன இரைச்சலைக்கூடப் பெரிதாக்கி மேலும் கீழும் ஆடி, பூஜ்யத்துக்குக் கீழே போய் நிற்கும். மென்மையாக்கும் கட்டுப்பாட்டைச் சேருங்கள், அல்லது கேள்வியைச் சின்னதாக்குங்கள். மடக்கை இயல்நிலைப் பரவலில் (விட்டத்தின் மடக்கையை எடுத்தால் மணி வடிவில் வருவது) மெல்லிய துகளுக்கு ஒன்று, பெரிய துகளுக்கு ஒன்று என்று வைத்து, அகலங்களை நிலையாகப் பிடித்துக்கொண்டு, இரண்டின் பங்கை மட்டும் தேடினால் மூன்று எண்கள் போதும். அதற்கும் முன்னால் கோணத் திருத்தம் போட்டாயிற்றா? 450, 550, 700 நானோமீட்டரில் அளக்கும் டிஎஸ்ஐ 3563 கருவி 7 டிகிரி முதல் 170 டிகிரி வரைதான் ஒளியைச் சேர்க்கிறது. பெரிய துகள் சிதறும் ஒளியில் கணிசமான பங்கு நேர் முன்னால், அந்த 7 டிகிரிக்குள்ளேயே போய்விடும். திருத்தாமல் விட்டால் நாகப்பட்டினத்து உப்பின் சிதறல் உள்ளதைவிடக் குறைவாக வரும். வடிகட்டிய காற்றும் கார்பன் டை ஆக்ஸைடும் விட்டுச் செய்யும் இருமுனை அளவுதிருத்தத்தை மழைக்காலத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று செய்து, தேதியையும் அன்றைய காற்றழுத்தம், வெப்பநிலையையும் தரவுக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.